ஏழு பேர் ஏறிய விமானம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

சென்ற இதழில் இரண்டாம் உலகப் போரின் இரவுக் குண்டுவீச்சுகளைப் பற்றி எழுதியபோது, 1944 மார்ச் மாதம் ஜெர்மனியின் நியூரம்பர்க் நகரைத் தாக்கச் சென்ற ஒரு பிரிட்டிஷ் விமானத்தின் ஏழு பேரில் மூவர் சிறைப்பட்டனர், மூவர் பிழைத்தனர், ஒருவர் இறந்தார் என்று ஒரே வரியில் சொல்லிவிட்டுக் கடந்துபோயிருந்தேன். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு இத்தனை கடிதங்கள் வரும் என்று நான் நினைக்கவில்லை. எனவே இம்முறை பக்கம் முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறேன். ஒரே பொருளைக் கேட்ட கடிதங்களைச் சேர்த்து ஒரு கேள்வியாக்கியிருக்கிறேன்.

கேள்வி: விமானம் விழுந்தால் எல்லோரும் இறப்பார்கள், விழாவிட்டால் எல்லோரும் பிழைப்பார்கள் என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம். ஒரே விமானத்தில் போனவர்களுக்கு மூன்று விதமான முடிவுகள் எப்படி வாய்த்தன? நடந்ததை முதலிலிருந்து சொல்லுங்கள்.

பதில்: இந்தக் கேள்விக்கான விடையில் பாதி, விமானத்துக்குள் யார் எங்கே உட்கார்ந்திருந்தார் என்பதில் இருக்கிறது. அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன். அவர்கள் சென்றது ஹாலிபாக்ஸ் என்னும் நான்கு இன்ஜின் கனரகக் குண்டுவீச்சு விமானம். விமானியின் இருக்கை மேலே இருக்கும். அவருக்குக் கீழும் முன்னுமாக, விமானத்தின் மூக்குப் பகுதியில், வழியைக் கணக்கிட்டுச் சொல்லும் நேவிகேட்டர், குறிபார்த்துக் குண்டுகளை விடுவிப்பவர், வயர்லெஸ் இயக்குபவர் ஆகிய மூவரும் நெருக்கியடித்துக்கொண்டு அமர்ந்திருப்பார்கள். இன்ஜின்களையும் எரிபொருளையும் கவனிக்கும் ஃபிளைட் இன்ஜினீயர் விமானிக்குப் பின்னால் இருப்பார். துப்பாக்கி வீரர்கள் இருவரில் ஒருவர் விமானத்தின் முதுகிலுள்ள சுழல் கூண்டிலும், மற்றவர் வாலின் கோடியிலும் தனித்தனியாக இருப்பார்கள். விளக்கணைத்த விமானம், நான்கு இன்ஜின்களின் இரைச்சல், முகத்தை மூடிய ஆக்சிஜன் கவசம் என்ற நிலையில், ஒருவர் சொல்வது இன்னொருவர் காதில் விழ இன்டர்காம் ஒன்றைத் தவிர வேறு வழி கிடையாது.

விமானி சிரில் பார்ட்டனுக்கு அப்போது வயது 22. இங்கிலாந்தின் சஃபோக் மாவட்டத்தில் பிறந்தவர். யார்க்ஷையரில் பர்ன் என்ற ஊரின் விமானதளத்தில் இருந்த 578-ஆவது ஸ்குவாட்ரன் என்னும் விமானப்படைப் பிரிவைச் சேர்ந்தவர். பெர்லின் மீது நான்கு முறையும் மற்ற இலக்குகள் மீது பதினான்கு முறையும் பறந்து முடித்திருந்தார். ஆக, மார்ச் 30 இரவு அவர் கிளம்பியது பத்தொன்பதாவது பயணம். இலக்கை அடைய இன்னும் ஏறத்தாழ 70 மைல், அதாவது இருபது நிமிடப் பறப்பு, மீதமிருந்தபோது ஒரு யுங்கர்ஸ் 88 இரவுச் சண்டை விமானம் அவர்களைத் தாக்கியது. அதன் முதல் சரமாரியிலேயே இன்டர்காம் செத்துப்போயிற்று. அடுத்து ஒரு மெஸ்ஸர்ஷ்மிட் விமானமும் சேர்ந்துகொள்ள, ஒரு இன்ஜின் சேதமடைந்தது. இயந்திரத் துப்பாக்கிகளும் செயலிழந்தன. திருப்பிச் சுடவும் முடியாமல், ஒருவரோடொருவர் பேசவும் முடியாமல் அவர்கள் திணறிய அந்த நிமிடங்களில், கொடுக்கப்பட்ட ஒரு சைகை தவறாகப் புரிந்துகொள்ளப்பட்டது. விமானத்தை விட்டு வெளியேறும்படி உத்தரவு வந்துவிட்டதாக எண்ணி, மூக்குப் பகுதியில் இருந்த மூவரும் பாரசூட்டுடன் குதித்துவிட்டார்கள்.

பார்ட்டன் நிமிர்ந்து பார்க்கையில் வழி சொல்ல ஆளில்லை, குண்டைக் குறிபார்க்க ஆளில்லை, தளத்தைக் கூப்பிட்டுக் கேட்க ஆளில்லை. மீதமிருந்த மூவரும் அவருக்குப் பின்னால் இருந்தார்கள். அவர்களுடனும் பேச முடியவில்லை. இருந்தும் அவர் இலக்கை நோக்கியே பறந்து, குண்டுகளைத் தாமே விடுவித்தார். திரும்பும்போது, கடுமையாக அதிர்ந்துகொண்டிருந்த பழுதான இன்ஜினின் புரொப்பெல்லர் கழன்று பறந்துபோயிற்று. எரிபொருள் தொட்டிகளில் இரண்டு ஒழுகிக்கொண்டிருந்தன. எதிர்க்காற்றில், மூன்று இன்ஜின்களுடன், நான்கரை மணி நேரப் பயணம். பலமான விமான எதிர்ப்புப் பீரங்கிகள் இருந்த பகுதிகளைத் தவிர்த்து வந்து இங்கிலாந்தின் கரையைக் கடந்தபோது, தம் தளத்திலிருந்து சுமார் 90 மைல் வடக்கே இருந்தார். அப்போது எரிபொருள் தீரும் நிலை. இறங்குவதற்கு இடம் தேடிக்கொண்டிருக்கும்போதே இடப்பக்க இன்ஜின்கள் நின்றுவிட்டன. பாரசூட்டில் குதிப்பதற்கு வேண்டிய உயரமும் இல்லை. மற்ற மூவரையும் விபத்துக்கால இடங்களுக்குப் போகச் சொல்லிவிட்டு, ஓடிக்கொண்டிருந்த ஒரே இன்ஜினை வைத்துக்கொண்டு, கீழே தெரிந்த வீடுகளின்மேல் விழாமல் விமானத்தை இறக்க முயன்றார். மார்ச் 31 காலை, சண்டர்லாண்டுக்குத் தெற்கே ரைஹோப் என்ற நிலக்கரிச் சுரங்க ஊரில் விமானம் மோதி நொறுங்கியது. பின்பகுதியில் பதுங்கியிருந்த மூவரும் பிழைத்தார்கள். முன்னே, கட்டுப்பாட்டுக் கருவிகளின் எதிரே அமர்ந்திருந்த பார்ட்டன் இறந்தார்.

மூக்கில் இருந்தவர்கள் சிறைக்கும், விமானிக்குப் பின்னால் இருந்தவர்கள் வீட்டுக்கும், நடுவில் இருந்த விமானி கல்லறைக்கும் போனார்கள். தைரியசாலி யார், கோழை யார் என்று பார்த்து நடந்த பங்கீடு அல்ல இது.

கேள்வி: குதித்த மூவரும் தங்கள் விமானியை நட்டாற்றில் விட்டுவிட்டுப் போனதாகத்தானே ஆகிறது? அவர்கள்மீது விசாரணை ஏதும் இல்லையா?

பதில்: இப்படிக் கேட்ட வாசகர்கள் மூவர். மூவருக்கும் என் பதில் ஒன்றுதான்: இல்லை, அப்படி ஆகாது. பார்ட்டனுக்குப் பின்னாளில் அளிக்கப்பட்ட விருதின் அதிகாரபூர்வமான குறிப்பே, பேசும் கருவி பழுதானதால் விளைந்த குழப்பத்தில் ஒரு சைகை தவறாகக் கொள்ளப்பட்டது என்றுதான் பதிவு செய்திருக்கிறது. அவர்கள்மேல் குற்றம் சுமத்தவில்லை.

அந்த இடத்தில் அவர்களுக்கு இருந்த அவகாசத்தையும் எண்ணிப் பாருங்கள். அடிபட்ட கனரக விமானம் கட்டுப்பாடு இழந்து சுழலத் தொடங்கிவிட்டால், அந்தச் சுழற்சியின் விசை உள்ளிருப்பவர்களைச் சுவரோடு அறைந்துவிடும்; கையைத் தூக்கக்கூட முடியாது. ஆகவே வெளியேறும் உத்தரவு என்பது நின்று யோசித்து, சந்தேகம் கேட்டு, பிறகு நிறைவேற்றும் உத்தரவு அல்ல. வினாடிகளில் செய்து முடிக்க வேண்டியது. ஹாலிபாக்ஸில் முன்பக்க வெளியேறும் கதவு மூக்குப் பகுதியின் தரையில், நேவிகேட்டர் வேலை செய்யும் இடத்திலேயே இருந்தது. ஆகவே அந்தக் கதவைத் திறந்து முதலில் போக வேண்டியவர்களே அந்த மூவர்தான். அவர்கள் வழியை அடைத்துக்கொண்டு நின்றால் பின்னால் வருகிறவர்கள் சாவார்கள். பயிற்சியில் சொல்லித்தரப்பட்டதைத்தான் அவர்கள் செய்தார்கள்.

இந்த வெளியேறும் கதவு பற்றி ஒரு செய்தி. பிற்காலத்தில் புகழ்பெற்ற இயற்பியலாளரான ஃப்ரீமன் டைசன், போரின்போது இளைஞராக, குண்டுவீச்சுப் படையின் ஆய்வுப் பிரிவில் பணிபுரிந்தார். சுட்டு வீழ்த்தப்பட்ட விமானங்களிலிருந்து எத்தனை பேர் உயிரோடு வெளியேறினர் என்று அங்கே கணக்கெடுத்தபோது, ஹாலிபாக்ஸில் இருந்தவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் தப்பியிருக்க, அதைவிடப் புதியதும் சிறந்ததும் என்று கொண்டாடப்பட்ட லங்காஸ்டரில் தப்பியவர்களின் விகிதம் கணிசமாகக் குறைவாக இருந்தது. லங்காஸ்டரின் கதவு இரண்டு அங்குலம் குறுகலாக இருந்தது அதற்குக் காரணங்களுள் ஒன்று. தடித்த உடையும் பாரசூட்டும் அணிந்த மனிதனுக்கு, இருட்டில், இரண்டு அங்குலம் மிகப் பெரிய அளவு.

குதித்த மூவரும் ஜெர்மானியர்களிடம் பிடிபட்டுப் போர்க்கைதிகள் ஆனார்கள். அப்படிப் பிடிபட்ட விமானப்படையினரை முதலில் ஃபிராங்க்ஃபர்ட் அருகே ஓபருர்சலில் இருந்த விசாரணை முகாமுக்குக் கொண்டுபோவதும், பிறகு நிரந்தர முகாம்களுக்குப் பிரித்து அனுப்புவதும் வழக்கம். இங்கிலாந்தில் அவர்கள் வீடுகளுக்கு முதலில் போகும் தந்தியில் ‘காணவில்லை’ என்ற செய்தி மட்டுமே இருக்கும். உயிரோடு இருக்கிறார் என்ற தகவல் செஞ்சிலுவைச் சங்கத்தின் வழியாக வந்து சேரப் பல வாரங்கள் ஆகும்.

கேள்வி: நிலா வெளிச்சத்தில் குண்டுவீச்சுக்குப் போவது ஆபத்து என்று நீங்களே எழுதியிருந்தீர்கள். பிறகு ஏன் அவர்களை அந்த இரவில் அனுப்பினார்கள்?

பதில்: இதற்குச் சற்று விரிவாகவே பதில் சொல்கிறேன். பார்ட்டனின் விமானத்தைச் சுட்டது ஒரு ஜெர்மானிய விமானிதான். ஆனால் அந்தச் சூழலை உண்டாக்கியதில் இங்கிலாந்தில் எடுக்கப்பட்ட முடிவுகளுக்கும் பெரும் பங்கு உண்டு என்பது என் கருத்து.

பிரிட்டிஷ் குண்டுவீச்சுப் படையின் வழக்கப்படி, நிலா வளர்ந்து பிரகாசிக்கும் நாட்களில் ஜெர்மனிக்குள் ஆழமாகச் செல்லும் தாக்குதல்களை நிறுத்திவைப்பார்கள். மார்ச் 30 இரவு அரை நிலா. ஆனால் போகும் வழியில் உயரத்தில் மேகம் மூடியிருக்கும், இலக்கின்மேல் வானம் தெளிவாக இருக்கும் என்று வானிலைக் கணிப்பு சொன்னது. அந்த நம்பிக்கையில் தளபதி ஆர்தர் ஹாரிஸ் தாக்குதலுக்கு உத்தரவிட்டார். பிற்பகலில் வானிலையைப் பார்த்துவரப் போன ஒரு மாஸ்கிட்டோ விமானம் நேர்மாறான செய்தியைக் கொண்டுவந்தது: வழியில் மேகம் இருக்காது, இலக்கின்மேல்தான் மேகம் இருக்கக்கூடும். அப்போதும் தாக்குதல் கைவிடப்படவில்லை.

கிளம்பியவை 795 விமானங்கள். அவற்றில் 572 லங்காஸ்டர்கள், 214 ஹாலிபாக்ஸ்கள், 9 மாஸ்கிட்டோக்கள். வழக்கமாக ஜெர்மானியர்களைக் குழப்புவதற்காக வளைந்து வளைந்து போகும் பாதையை வகுப்பார்கள். அன்று பெல்ஜியத்திலிருந்து கிழக்கு நோக்கி ஏறத்தாழ 265 மைல் ஒரே நேர்க்கோட்டில் பறக்கும் பாதை வகுக்கப்பட்டது. ஜெர்மானியர்கள் தங்கள் இரவுச் சண்டை விமானங்களை வானில் கூட்டிச் சேர்க்கும் இரண்டு வானொலி அடையாளக் கம்பங்கள் அந்தக் கோட்டின் பக்கத்திலேயே இருந்தன. கவனத்தைத் திருப்ப அனுப்பப்பட்ட போலித் தாக்குதல்களை ஜெர்மானியக் கட்டுப்பாட்டு அதிகாரி பொருட்படுத்தவில்லை. போதாக்குறைக்கு, வழக்கத்தைவிடத் தாழ்வான உயரத்திலேயே விமானங்களின் பின்னால் வெண்ணிற நீராவிக் கோடுகள் உருவாகி, நிலவொளியில் பளபளத்தன. ஒளிந்து செல்ல வேண்டியவர்கள் வானத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டுக்கொண்டு போனது போல ஆயிற்று.

அன்றிரவு திரும்பாதவை 95 விமானங்கள். அவற்றில் 82 இலக்கை அடையும் முன்போ இலக்கின் அருகிலோ வீழ்ந்தன. 500-க்கும் மேற்பட்ட விமானப்படையினர் இறந்தார்கள். போர் முழுவதிலும் ஒரே இரவில் பிரிட்டிஷ் குண்டுவீச்சுப் படை அடைந்த இழப்புகளில் இதுவே மிகப் பெரியது. விழுகின்ற ஒவ்வொரு விமானத்தின் நேரத்தையும் இடத்தையும் நேவிகேட்டர் தம் பதிவேட்டில் குறித்துக்கொள்ள வேண்டும் என்பது நடைமுறை. அன்று தீப்பிழம்புகளாக விழுந்தவற்றை எழுதியவர்களுக்குக் கை ஓயவில்லை. இவற்றில் பல உண்மையான விமானங்கள் அல்ல, வீரர்களைப் பயமுறுத்துவதற்காக ஜெர்மானியர்கள் சுடும் போலி வெடிகள் என்று அக்காலத்தில் விமானிகளிடையே ஒரு நம்பிக்கை இருந்தது. அப்படிப்பட்ட வெடி எதுவும் இருந்ததில்லை என்பது போருக்குப் பிறகு தெரியவந்தது. அவர்கள் பார்த்தவை எல்லாம் தங்கள் தோழர்களின் விமானங்களே.

கேள்வி: நான்கு துப்பாக்கிகள் கொண்ட கூண்டுகள் இரண்டு இருந்தும், ஒரு சிறிய விமானத்தை ஏன் விரட்ட முடியவில்லை?

பதில்: ஹாலிபாக்ஸின் துப்பாக்கிகள் .303 அளவுள்ளவை, அதாவது காலாட்படையினரின் துப்பாக்கித் தோட்டா அளவே. எதிரே வந்த இரவுச் சண்டை விமானங்களில் இருந்தவை 20 மில்லிமீட்டர் பீரங்கிகள். அவற்றின் எறிதூரமும் அதிகம், ஒரு குண்டு செய்யும் நாசமும் அதிகம். மேலும், குண்டுவீச்சு விமானத்தின் துப்பாக்கி வீரர் வெறுங்கண்ணால் இருட்டைத் துழாவிக்கொண்டிருக்க, எதிரியிடம் ரேடார் இருந்தது.

இவற்றோடு, 1943-இன் பிற்பகுதியிலிருந்து ஜெர்மானியர்கள் தங்கள் விமானங்களின் முதுகில் மேல்நோக்கிச் சாய்ந்து சுடும் பீரங்கிகளையும் பொருத்தினார்கள். குண்டுவீச்சு விமானத்தின் வயிற்றுக்கு அடியில் சத்தமில்லாமல் வந்து நின்று, இறக்கையிலுள்ள எரிபொருள் தொட்டிகளைக் குறிபார்த்துச் சுடுவார்கள். வயிற்றுப்பக்கம் பார்ப்பதற்குப் பெரும்பாலான பிரிட்டிஷ் விமானங்களில் ஒரு சன்னல்கூட இல்லை. பாதையில் ஒளி விட்டுச் செல்லும் தோட்டாக்களையும் இதற்குப் பயன்படுத்தவில்லை. ஆகவே எங்கிருந்து அடிபட்டது என்று தெரியாமலேயே பலர் இறந்தார்கள். நெடுநாள் வரை பிரிட்டிஷ் தரப்பு இதைப் புரிந்துகொள்ளவில்லை.

கேள்வி: நேவிகேட்டர் இல்லாமல் இருட்டில் ஜெர்மனியிலிருந்து இங்கிலாந்து வரை வந்தது அதிர்ஷ்டமா, திறமையா? 90 மைல் தவறிவிட்டாரே?

பதில்: ‘தவறிவிட்டாரே’ என்று எழுதிய நண்பர் ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். திசையில் ஒரு பாகை பிசகினால், அறுபது மைல் போனதும் ஒரு மைல் விலகியிருப்போம் என்பது விமானிகளின் வாய்ப்பாடு. நியூரம்பர்க்கிலிருந்து இங்கிலாந்தின் வடகிழக்குக் கரைக்கு நேர்க்கோட்டிலேயே 600 மைலுக்கு மேல். அதில் 90 மைல் விலகல் என்றால், ஏறத்தாழ எட்டு ஒன்பது பாகை பிசகியதற்குச் சமம். காற்று ஒன்றே அதைச் செய்துவிடும். பக்கவாட்டுக் காற்று எவ்வளவு தள்ளுகிறது என்பதைச் சில நிமிடங்களுக்கு ஒருமுறை கணக்கிட்டுத் திசையைத் திருத்திக்கொண்டே இருப்பதுதான் நேவிகேட்டரின் முழுநேர வேலை. அன்றிரவு நேவிகேட்டர்கள் உடனிருந்த விமானங்களிலேயே, காற்றின் கணிப்பு பிழையானதால், சுமார் 120 விமானங்கள் நியூரம்பர்க் என்று நினைத்து அதற்கு 50 மைல் வடமேற்கே இருந்த ஷ்வைன்ஃபர்ட் நகரின்மேல் குண்டுகளைப் போட்டன. முழுக் குழுவினரும் ஐம்பது மைல் தவறிய இரவில், அடிபட்ட விமானத்தைத் தனியாக ஓட்டியவர் தாய்நாட்டின் கரையைக் கண்டுபிடித்தார் என்பதை நான் திறமைக் கணக்கில்தான் எழுதுவேன்.

ஆனால் அந்த 90 மைலுக்கு அவர் கொடுத்த விலை எரிபொருள். அவை தெற்கே, பழகிய தளங்கள் நெருக்கமாக இருந்த யார்க்ஷையரின்மேல் கழிந்திருந்தால், ஏதோவொரு ஓடுபாதை அகப்பட்டிருக்கலாம்.

கேள்வி: இலக்கை விட்டுவிட்டு அப்போதே திரும்பியிருந்தால் பார்ட்டன் பிழைத்திருப்பாரா?

பதில்: பிழைத்திருக்கலாம். அவர் குண்டுகளை எந்த வயலிலாவது கொட்டிவிட்டுத் திரும்பியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க முடியாது. அதே சமயம், திரும்புவது பாதுகாப்பு, முன்னே போவது தற்கொலை என்று நினைப்பதும் சரியன்று. திரும்பினால், சண்டை விமானங்கள் வட்டமிட்டுக்கொண்டிருந்த அதே நேர்க்கோட்டின் மேலாக, எதிரே வரும் நூற்றுக்கணக்கான தம் படை விமானங்களின் இடையே, தனியாகப் போக வேண்டும். முன்னே போனால் இலக்கிலுள்ள தீயின் வெளிச்சத்தில் விமானத்தின் உருவம் தெளிவாகத் தெரியும். இரண்டும் மோசமான வழிகள். அவற்றில் தமக்கு இடப்பட்ட பணியை முடிக்கும் வழியை அவர் எடுத்தார் என்பதே உண்மைக்கு நெருக்கமான சொல் என்று எனக்குப் படுகிறது.

அவர் ஆழ்ந்த மதப்பற்று உள்ளவர். தாம் இறந்தால் கொடுக்கும்படி தாய்க்கு ஒரு கடிதம் எழுதிவைத்திருந்தார். அப்படி எழுதிவைப்பது அக்காலத்தில் விமானப்படையினரிடையே அரிதல்ல.

கேள்வி: ஒரு விமானப்படை வீரர் உயிரோடு திரும்ப எவ்வளவு வாய்ப்பு இருந்தது?

பதில்: பிரிட்டிஷ் குண்டுவீச்சுப் படையில் பறந்தவர்கள் சுமார் 1,25,000 பேர், அனைவரும் தாமே முன்வந்து சேர்ந்தவர்கள். இறந்தவர்கள் 55,573 பேர். நூற்றுக்கு நாற்பத்து நான்கு. முப்பது பயணங்கள் முடித்தால் ஒரு சுற்று முடிந்து ஓய்வு கிடைக்கும். ஓர் இரவில் நூற்றுக்கு நான்கு விமானங்கள் வீழ்ந்தால் அதைப் பெரிய இழப்பாகக் கருதமாட்டார்கள். ஆனால் அந்த நான்கு என்பது முப்பது இரவுகள் தொடர்ந்தால், நூறு பேரில் முப்பது பேர்கூட மிஞ்சமாட்டார்கள். நியூரம்பர்க் இரவில் அது நூற்றுக்குப் பன்னிரண்டு.

கேள்வி: விமானத்தில் போனவர்களுக்காக இவ்வளவு உருகுகிறீர்கள். குண்டு விழுந்த இடத்தில் இருந்த குழந்தைகளைப் பற்றி ஒரு சொல் இல்லையே?

பதில்: சுருக்கென்று தைக்கும் கேள்வி, நியாயமான கேள்வியும்கூட. 1942 பிப்ரவரியில் பிறப்பிக்கப்பட்ட ஆணைக்குப் பிறகு, ஜெர்மானியத் தொழிலாளர் மக்களின் மனஉறுதியைக் குலைப்பதே பிரிட்டிஷ் இரவுக் குண்டுவீச்சின் முதன்மை நோக்கமாக்கப்பட்டது. தொழிற்சாலைகளை மட்டும் தேடித் தாக்கும் துல்லியம் அவர்களிடம் இல்லை என்பதும் அதற்கு ஒரு காரணம். வீடுகள்தான் இலக்கு என்பதை அதிகாரிகள் வெளிப்படையாகச் சொல்லத் தயங்கினாலும், நடந்தது அதுதான். 1943 ஜூலையில் ஹாம்பர்க்கில் எழுந்த தீப்புயலில் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். போர் முழுவதும் ஜெர்மனியில் குண்டுவீச்சுக்குப் பலியான பொதுமக்களின் எண்ணிக்கையை மூன்று லட்சம் முதல் ஆறு லட்சம் வரை ஆய்வாளர்கள் மதிப்பிடுகிறார்கள். ஜெர்மனி வார்சாவிலும் ராட்டர்டாமிலும் லண்டனிலும் கவென்ட்ரியிலும் முன்பே அதைச் செய்திருந்தது என்பது காரணத்தை விளக்கும். இறந்த குழந்தைகளுக்குப் பதில் ஆகாது.

பார்ட்டன் சென்ற இரவில் நியூரம்பர்க் ஏறக்குறையத் தப்பிவிட்டது. அடர்ந்த மேகமும் பலத்த காற்றும் சேர்ந்து குண்டுகளைப் பெருமளவு நகருக்கு வெளியே வயல்களில் விழச் செய்தன. அந்த நகரின் கதை 1945 ஜனவரி 2 இரவில்தான் முடிந்தது. 500-க்கும் மேற்பட்ட விமானங்கள் வந்து, இடைக்காலக் கட்டடங்கள் நிறைந்த பழைய நகரை அழித்தன. 1,800-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 95 விமானங்களைக் கொடுத்து முதல் முறை செய்ய முடியாததை, எதிர்ப்பு ஓய்ந்த பிறகு, மிகக் குறைந்த இழப்போடு செய்து முடித்தார்கள்.

கேள்வி: ரைஹோப்பில் விமானம் விழுந்தபோது தரையில் யாருக்கும் ஆபத்து இல்லையா?

பதில்: இருந்தது. இதைச் சென்ற இதழில் எழுதாமல் விட்டது என் பிழை. அதிகாலையில் சுரங்க வேலைக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு தொழிலாளி அந்த விபத்தில் உயிரிழந்தார். வரிசை வீடுகளைத் தவிர்க்க விமானி செய்த முயற்சியால் பலர் தப்பினார்கள். நடந்து போய்க்கொண்டிருந்த அந்த ஒருவர் தப்பவில்லை. பார்ட்டனின் விருதுக் குறிப்பில் வீடுகளைத் தவிர்க்க முயன்றது சொல்லப்படுகிறது. தொழிலாளியின் சாவு சொல்லப்படவில்லை. நானும் அந்தக் குறிப்பை மட்டும் வைத்துக்கொண்டு எழுதியதால், ஏழு பேரின் கணக்கைச் சொல்லி எட்டாமவரை விட்டுவிட்டேன்.

கேள்வி: பார்ட்டனுக்கு என்ன விருது கிடைத்தது? அந்த விமானத்தை இன்று எங்காவது பார்க்க முடியுமா?

பதில்: பிரிட்டனின் மிக உயர்ந்த வீர விருதான விக்டோரியா கிராஸ், 1944 ஜூன் மாதம் அவர் மறைவுக்குப் பின் அறிவிக்கப்பட்டது. ஹாலிபாக்ஸ் விமானிகளில் அதைப் பெற்றவர் அவர் ஒருவரே. தேம்ஸ் நதிக்கரைக் கிங்ஸ்டனில் அவர் அடக்கம் செய்யப்பட்டார்.

அவருடைய விமானம் ரைஹோப்பிலேயே சிதைந்துபோயிற்று. 6,000-க்கும் மேற்பட்ட ஹாலிபாக்ஸ்கள் தயாரிக்கப்பட்டும், பறக்கும் நிலையில் இன்று ஒன்றுகூட இல்லை. யார்க்ஷையரில் எல்விங்டன் அருங்காட்சியகத்தில் பல பாகங்களைச் சேர்த்து மீண்டும் உருவாக்கிய ஒன்றும், கனடாவில் ட்ரென்டனில் சீர்செய்யப்பட்ட ஒன்றும் இருக்கின்றன. லண்டனின் ஹெண்டன் அருங்காட்சியகத்தில் இருப்பதை மட்டும் புதுப்பிக்காமல், கிடைத்த நிலையிலேயே வைத்திருக்கிறார்கள். 1942 ஏப்ரலில் நார்வேயில் ஜெர்மனியின் டிர்பிட்ஸ் போர்க்கப்பலைத் தாக்கப் போய் அடிபட்டு, உறைந்த ஓர் ஏரியின் பனிக்கட்டிமேல் வயிற்றால் இறங்கிய விமானம் அது. உள்ளே இருந்த அனைவரும் உயிரோடு வெளியே வந்தார்கள். கணுக்கால் முறிந்த ஃபிளைட் இன்ஜினீயர் மட்டும் நடக்க முடியாமல் பிடிபட, மற்றவர்கள் பனியில் நடந்தே எல்லையைக் கடந்து ஸ்வீடன் போய்ச் சேர்ந்தார்கள். பனிக்கட்டி இளகியதும் விமானம் ஏரிக்குள் மூழ்கி, 1973-இல் வெளியே எடுக்கப்படும் வரை அங்கேயே கிடந்தது.